கலப்பெரிபொருளும் எஞ்சினின் ஆயுளும்: கிள்ளான் பள்ளத்தாக்கு கண்ட சோதனை



மோட்டார் பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பெட்ரோலிலோ டீசலிலோ வேறொன்றைக் கலந்து ஊற்றினால் வண்டி ஓடுமா?" என்பதே அது. ஓடும் என்று உடனே சொல்லிவிடலாம். எரியக்கூடிய எந்தத் திரவத்தையும் ஏதோ ஒரு விதத்தில் எஞ்சினுக்குள் எரித்துக் காட்டிவிட முடியும். ஆனால் பட்டறைக்காரர் கேட்பது அதையல்ல. "இன்று ஓடும். ஐந்து வருடம் கழித்தும் ஓடுமா?" என்பதுதான் அவருடைய உண்மையான கேள்வி. வண்டியை வைத்துப் பிழைப்பவருக்கு இது வயிற்றுப்பாட்டுக் கேள்வி.

இந்தக் கேள்விக்கு விடை காண உலகின் பல பகுதிகளில் முயன்றிருக்கிறார்கள். அவற்றுள் மிகப் பொறுமையாக நடத்தப்பட்ட சோதனைகளில் ஒன்று நம் மலேசியாவிலேயே, பயணிகளை ஏற்றிச் சென்ற பேருந்துகளில் நடந்தது. அந்தச் சோதனை எப்படித் தோன்றியது, என்ன கற்றுத் தந்தது, அதன் பின் என்ன ஆயிற்று என்பதை இன்று காண்போம்.

முதலில் நம் பள்ளத்தாக்கின் எரிபொருள் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். 1881-ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரைச் சீரழித்தன. அத்தாப்புக் கூரையும் மரச்சுவரும் கொண்ட வீடுகளுக்குப் பதிலாகச் செங்கல் கட்டடங்கள் எழ வேண்டும் என்று முடிவாயிற்று. அதற்குச் செங்கல் அறுத்துச் சுட்ட இடமே பிரிக்பீல்ட்ஸ். அந்தச் சூளைகளில் எரிந்தது விறகு. 1886-இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கு எதிர்க்கரையிலிருந்த புக்கிட் கூடாவுக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியது. தண்டவாளம் போட்ட தமிழ்த் தொழிலாளர்களும், நிலையங்களில் பணியாற்றிய யாழ்ப்பாணத்துத் தமிழர்களும் பிரிக்பீல்ட்ஸில் வேரூன்றினார்கள். பின்னர் 1915 முதல் பத்து ஆராங் சுரங்கத்தின் நிலக்கரி இரயிலுக்கும் மின் நிலையத்துக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் சூடு தந்தது. 1957-இல் பெரிய டீசல் இரயில் எஞ்சின்கள் வந்து சேர்ந்தன. 1960-இல் பத்து ஆராங் சுரங்கம் மூடப்பட்டது. விறகு, கரி, டீசல் என்று மூன்று எரிபொருள்கள், மூன்று தலைமுறைக்குள் நம் கண் முன்னே மாறிப் போயின.

இடையில் ஒரு சோதனைக் காலமும் வந்தது. 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சியில் பெட்ரோல் கிடைக்கவில்லை. லாரிகளின் பக்கத்தில் ஒரு கொதிகலனைப் போன்ற உருளையைப் பொருத்தி, மரக்கரியை அதில் புகைய விட்டு, அந்த வாயுவிலேயே வண்டியை ஓட்டினார்கள். இரப்பரிலிருந்தும் செம்பனை எண்ணெயிலிருந்தும் எரிபொருள் தயாரிக்கும் முயற்சிகளும் நடந்தன. அயல்நாட்டு எண்ணெய்க் கப்பல் வராவிட்டால் நம் மண்ணில் விளைவதைத்தான் எரிக்க வேண்டும் என்ற பாடத்தை அந்தப் பஞ்ச காலம் சொல்லித் தந்தது.

மண்ணில் விளைவதை எஞ்சினில் எரிக்கும் எண்ணம் போர்க்காலத்தில் பிறந்ததும் அன்று. டீசல் எஞ்சின் குழந்தையாக இருந்தபோதே அது பிறந்துவிட்டது. 1900-இல் பாரிஸ் நகரில் நடந்த உலகப் பொருட்காட்சியில் ஒரு சிறிய டீசல் எஞ்சின் நிலக்கடலை எண்ணெயில் ஓடிக் காட்டப்பட்டது. பார்த்தவர்களில் பலருக்கு அது வேறு எண்ணெயில் ஓடுகிறது என்பதே தெரியவில்லையாம். அந்த எஞ்சினைக் கண்டறிந்த ருடால்ப் டீசல், தாவர எண்ணெய்க்கு எதிர்காலம் உண்டு என்று 1912-இல் எழுதினார். மறு ஆண்டு அவர் மறைந்தார். பூமியிலிருந்து எடுத்த எண்ணெய் மலிவாகக் கிடைத்ததால் அவருடைய எண்ணமும் அரை நூற்றாண்டுக்கு மேல் உறங்கிப் போயிற்று.

டீசலுக்குத் தாவர எண்ணெய் எப்படியோ, பெட்ரோலுக்கு எரிசாராயம் அப்படி. எத்தனால் என்று வேதியியலார் அழைக்கும் இந்தச் சாராயம் நமக்குப் புதியதன்று. தோட்டத்துக் கள்ளுக்கடையில் விற்ற கள்ளில் இருந்ததும் இதே பொருள்தான். இனிப்பான சாறு நொதித்தால் எத்தனால் உண்டாகும். அதைக் காய்ச்சி வடித்து, எஞ்சிய நீரையும் நீக்கிவிட்டால் எஞ்சினுக்கு ஏற்ற எரிபொருள் கிடைக்கும். அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு இதை ஆதரித்துப் பேசினார். இந்தியாவில் மைசூர் அரசின் மண்டியாவில் கரும்புப் பாகிலிருந்து மோட்டார் சாராயம் வடித்தார்கள். சுதந்திர இந்தியா 1948-இலேயே இதற்கென ஒரு சட்டம் இயற்றியது. 1975-இல் பிரேசில் நாடு கரும்புச் சாராயத்தைத் தேசியத் திட்டமாக்கியது.

மலாயாவில் ஏன் அந்த வழி தோன்றவில்லை என்று நேயர்கள் கேட்கலாம். கரும்பு இங்கும் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புரோவின்ஸ் வெல்லஸ்லி பகுதிக்கு வந்த நம் முன்னோர்களில் பலர் கரும்புத் தோட்டத்துக்குத்தான் வந்தார்கள். ஆனால் இரப்பர் வந்ததும் கரும்பு பின்வாங்கியது. நமக்கு எஞ்சியது எண்ணெய் தரும் மரம். அதன் கதையும் சிலாங்கூரில்தான் தொடங்குகிறது.

செம்பனை ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையைச் சேர்ந்த மரம். 1848-இல் அதன் நான்கு கன்றுகள் ஜாவாவிலுள்ள பொகோர் தாவரத் தோட்டத்தில் நடப்பட்டன. வெகுகாலம் அது அழகுக்காக வளர்க்கப்பட்ட மரமாகவே இருந்தது. மலாயாவில் அதை வாணிகப் பயிராக முதன்முதலில் நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுத் தோட்டக்காரர். இடம், கோலசிலாங்கூர் மாவட்டத்தில் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகிலுள்ள தென்னமரம் தோட்டம். ஆண்டு 1917. தோட்டத்தின் பெயரிலேயே தமிழ் இருப்பதை நேயர்கள் கவனித்திருப்பீர்கள். பத்தாங் பெர்ஜுந்தை 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்று வழங்குகிறது. ஃபோக்கோனியே பின்னர் மலாயா வாழ்வைப் பற்றி ஒரு நாவல் எழுதி, 1930-இல் பிரான்ஸ் நாட்டின் கொங்கூர் பரிசையும் பெற்றார்.

1960-களில் செயற்கை இரப்பரின் போட்டியால் இயற்கை இரப்பரின் விலை சரிந்தது. தோட்டங்கள் பால்மரத்தை அழித்துச் செம்பனை நட்டன. இதனால் நாட்டின் வருமானம் நிலைபெற்றது உண்மை. ஆனால் அந்த மாற்றத்தின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பால்மரத்துக்கு அன்றாடம் வெட்டும் கை வேண்டும். செம்பனைக்கு அவ்வளவு கை வேண்டாம். ஒரே பரப்புக்குத் தேவையான ஆட்கள் குறைந்தார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து பால் வெட்டிய குடும்பத்தில், நீண்ட கழியில் அரிவாள் கட்டிக் குலை வெட்டும் வேலை பெரும்பாலும் ஆணுக்கே போயிற்று. பெண்களுக்கு உதிரிப்பழம் பொறுக்குவதும், களைக்கொல்லி தெளிப்பதும், பூவுக்குக் கையால் மகரந்தம் தூவுவதும் எஞ்சின. 1981-இல் ஆப்பிரிக்காவின் காமரூன் நாட்டிலிருந்து ஒரு சிறு வண்டினத்தைக் கொண்டுவந்து தோட்டங்களில் விட்டார்கள். அது மகரந்தச் சேர்க்கையைத் தானே செய்தது. விளைச்சல் உயர்ந்தது. கையால் மகரந்தம் தூவும் வேலை மறைந்தது.

இப்படி எண்ணெய் பெருகிவந்த காலத்தில்தான் உலகச் சந்தையில் இரண்டு அதிர்ச்சிகள் நேர்ந்தன. 1973-இலும் 1979-இலும் பெட்ரோலிய விலை திடீரென ஏறியது. அதே 1979-இல் மலேசியச் செம்பனை எண்ணெய் ஆய்வுக் கழகம் நிறுவப்பட்டது. போரிம் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அந்தக் கழகம் பின்னர்ப் பாங்கியில் இயங்கியது. 2000-ஆம் ஆண்டில் அது மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் பகுதியாயிற்று. செம்பனை எண்ணெயை டீசலுக்கு மாற்றாக்கும் ஆய்வை இக்கழகம் 1982-இல் தொடங்கியது.

சமையலறைச் செம்பனை எண்ணெயை அப்படியே டீசல் தொட்டியில் ஊற்றினால் என்ன? வண்டி ஓடும். ஆனால் சில காலத்துக்குத்தான் ஓடும். இங்கேதான் நம் பட்டறைக்காரரின் கேள்வி வருகிறது. தாவர எண்ணெயின் பாகுத்தன்மை டீசலைப்போல ஏறத்தாழப் பத்து மடங்கு. டீசல் எஞ்சினில் எரிபொருளை மெல்லிய துளை வழியே பனித்துளிபோலச் சிதறடிக்க வேண்டும். பாகு தடித்தால் துளி பெரிதாகும். பெரிய துளி முழுவதும் எரியாது. எரியாத மிச்சம் தெளிப்பான் முனையில் கரியாகப் படியும். பிஸ்டன் வளையங்கள் பசை ஒட்டியதுபோல இறுகும். வழியும் எண்ணெய் கீழே எஞ்சின் ஆயிலோடு கலந்து அதைக் கூழாக்கும். முதல் வாரத்தில் எதுவும் தெரியாது. பல மாதம் கழித்து எஞ்சினைப் பிரிக்கும்போதுதான் தெரியும்.

இதற்கு வேதியியல் ஒரு வழி காட்டியது. எண்ணெய் மூலக்கூறு மூன்று நீண்ட கொழுப்பமிலச் சங்கிலிகளை ஒரு கிளிசரின் முதுகெலும்பில் கட்டியது போன்ற அமைப்புடையது. அந்தக் கட்டை அவிழ்த்து, ஒவ்வொரு சங்கிலியையும் மெத்தனாலோடு இணைத்துவிட்டால் மெத்தில் எஸ்டர் என்னும் மெல்லிய திரவம் கிடைக்கும். நூறு கிலோ எண்ணெயோடு சுமார் பத்துக் கிலோ மெத்தனால் சேர்ந்தால், ஏறத்தாழ நூறு கிலோ எஸ்டரும் பத்துக் கிலோ கிளிசரினும் பிரியும். எஸ்டரின் பாகுத்தன்மை டீசலுக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. தானாகத் தீப்பற்றும் திறனைக் காட்டும் செட்டேன் எண் டீசலுக்குச் சுமார் 50 என்றால், இதற்கு 60-க்கும் மேல். இதையே செம்பனை டீசல் என்றார்கள். 1985-இல் பெட்ரோனாஸ் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு ஆண்டுக்கு 3,000 டன் தயாரிக்கும் சோதனை ஆலை அமைந்தது.

அந்த 1985-ஆம் ஆண்டை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதே ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஷா ஆலாம் பத்து தீகா பந்தயத் திடலில் உலக விளையாட்டுக் கார் போட்டியின் 800 கிலோமீட்டர் சுற்று நடந்தது. ஜாக்கி இக்ஸ், யோகென் மாஸ் என்னும் இரு வீரர்கள் டர்போ பூட்டிய போர்ஷே காரில் வென்றார்கள். ஒரு காலத்தில் சுங்கை ரெங்கம் தோட்டமாக இருந்த மண்ணில் எழுந்த ஷா ஆலாமில், உலகின் மிக வேகமான கார்கள் சீறிப் பாய்ந்தன.

டர்போ என்றால் என்ன? எஞ்சினிலிருந்து வீணாக வெளியேறும் புகையைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அந்தச் சுழற்சியால் மேலும் காற்றை எஞ்சினுக்குள் அழுத்தித் திணிக்கும் கருவி. மிதிவண்டிக்குக் காற்றடிக்கும்போது பம்பு சூடாவதை நாம் அறிவோம். அழுத்தப்பட்ட காற்றும் அப்படியே சூடாகும். சூடு மிகுந்தால் பெட்ரோல் உரிய நேரத்துக்கு முன்பே வெடித்துப் பிஸ்டனைத் தாக்கும். இதை எஞ்சின் தட்டுதல் என்பார்கள். எரிசாராயம் ஆவியாகும்போது பெட்ரோலைவிட மிக அதிகமாக வெப்பத்தை உறிஞ்சும். கையில் சாராயத்தைத் தேய்த்தால் சில்லென்று குளிர்வதுபோல, எஞ்சினுக்குள்ளும் காற்றைக் குளிர்விக்கும். எளிதில் தட்டாது. அதனால்தான் வேகத்துக்காக எஞ்சினைச் சீரமைத்துக்கொள்ளும் டர்போ கார் பிரியர்கள் எத்தனால் கலவையை விரும்புகிறார்கள்.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. ஒரு கிலோ பெட்ரோல் முழுவதும் எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதாவது அதே காற்றுக்கு மிகுதியான எரிபொருளை ஊற்ற வேண்டும். பம்பும் தெளிப்பானும் பெரியனவாக இருக்க வேண்டும். அவற்றை மாற்றாமல் கலவையை மட்டும் ஊற்றினால், எரிபொருள் போதாமல் எஞ்சின் அளவுமீறிச் சூடாகும். மேலும் எத்தனால் நீரை ஈர்க்கும். நம் நாட்டு ஈரக் காற்றில், நாள்கணக்கில் நிறுத்தி வைக்கும் காரின் தொட்டியில் நீர் சேர்ந்தால், எத்தனால் பெட்ரோலைக் கைவிட்டு நீரோடு சேர்ந்து அடியில் தங்கிவிடும். அந்த அடிமண்டி அலுமினியத்தையும் துத்தநாகத்தையும் அரிக்கும். பழைய இரப்பர்க் குழாய்களை ஊதிப் பருக்கச் செய்யும். பந்தயக் காரின் எஞ்சினை அடிக்கடி பிரித்துப் பார்க்கிறார்கள். ஆகவே அங்கே இந்தக் கேடு பெரிதாகத் தோன்றாது. பத்தாண்டு ஓட வேண்டிய குடும்பக் காரில்தான் அது தோன்றும்.

800 கிலோமீட்டர் ஓடிய எஞ்சின் ஒரு கலவையின் வேகத்தைச் சொல்லும். அதன் ஆயுளைச் சொல்லாது. ஆயுளைச் சொல்ல வேறு வகையான ஓட்டம் வேண்டும். அந்த ஓட்டத்தை ஓடியவை நம் பேருந்துகள்.

1983-க்கும் 1994-க்கும் இடையில் செம்பனை டீசல் படிப்படியாகச் சோதிக்கப்பட்டது. முதலில் ஆய்வுக்கூடம். பிறகு நிலையாக நிறுத்திய எஞ்சின். பிறகு டாக்சி, லாரி, கார். ஜெர்மனியிலும் சோதனை மேடையில் எஞ்சினை ஓட்டிப் பார்த்தார்கள். இறுதியாகப் பயணிகள் பேருந்துகளில் பொருத்திய 36 மெர்சிடிஸ் பென்ஸ் எஞ்சின்கள் சோதனைக்கு எடுக்கப்பட்டன. அவற்றை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குச் சாதாரண டீசல். ஒரு பிரிவுக்குப் பாதி டீசலும் பாதிச் செம்பனை டீசலும் சேர்ந்த கலவை. ஒரு பிரிவுக்கு முழுவதும் செம்பனை டீசல். ஒவ்வொரு பேருந்தும் 300,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். அந்த எஞ்சினின் முழு ஆயுள் அவ்வளவுதான் என்று கணக்கு.

300,000 கிலோமீட்டர் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் போக வர 80 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 3,700 முறைக்கு மேல் போய்வர வேண்டும். வெயில், மழை, நெரிசல், ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று புறப்படும் அலுப்பு ஆகிய எல்லாவற்றையும் அந்த எஞ்சின்கள் தாங்கின. சாதாரண டீசலில் ஓடிய பிரிவையும் உடன் வைத்திருந்ததுதான் இச்சோதனையின் சிறப்பு. இரண்டும் ஒரே வகை எஞ்சின். ஒரே வகை ஓட்டம். வேறுபாடு தெரிந்தால் அது எரிபொருளால் வந்ததே என்று துணிந்து சொல்லலாம்.

முடிவு என்ன? எஞ்சினில் எந்த மாற்றமும் செய்யாமலே செம்பனை டீசலில் வண்டிகள் நன்றாக ஓடின. கரும்புகை குறைந்தது. எரிபொருள் செலவும் சாதாரண டீசலோடு ஒப்பிடத்தக்கதாக இருந்தது. எஞ்சின்களுக்குள் படிந்த கரியும் இயல்பான அளவிலேயே இருந்தது. ஆயுள் முழுவதும் ஓடும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது.

குறைகளும் இல்லாமல் இல்லை. தூய செம்பனை டீசல் சுமார் 15 பாகை செல்சியஸ் வெப்பத்திலேயே உறையத் தொடங்கும். தேங்காயெண்ணெய் மார்கழிக் குளிரில் உறைவதைக் கண்டவர்களுக்கு இது வியப்பாக இராது. கிள்ளானில் கவலையில்லை, ஐரோப்பியக் குளிர்காலத்தில் தொட்டியே கட்டியாகிவிடும். பின்னர்க் குளிர்நாட்டுக்கென வேறு வகையை உருவாக்கினார்கள். மற்றொரு குறை, எஸ்டர் நல்ல கரைப்பான். பழைய தொட்டியில் வருடக்கணக்காகப் படிந்த கசடை அது கரைத்துக் கொண்டுவரும். அதனால் முதல் சில ஆயிரம் கிலோமீட்டரில் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். இதை எரிபொருளின் கேடு என்று நினைத்துப் பயந்தவர்கள் உண்டு. உண்மையில் அது பழைய அழுக்கு வெளியேறும் அறிகுறி. மூன்றாவது, சில பழைய வகை இரப்பர்க் குழாய்களையும் வளையங்களையும் எஸ்டர் மென்மையாக்கி ஊதச் செய்யும். பால்மரத்தை ஒதுக்கிவிட்டு வந்த செம்பனை, எஞ்சினுக்குள்ளும் இரப்பரோடு ஒத்துப்போகவில்லை!

நேயர்களே, 1994-இலேயே இவ்வளவு தெரிந்துவிட்டது என்றால், ஏன் உடனே நாடெங்கும் செம்பனை டீசல் வரவில்லை? எஞ்சின் தடுக்கவில்லை. விலை தடுத்தது. பெட்ரோலிய விலை மீண்டும் இறங்கிவிட்டது. சமையல் எண்ணெய்க்கும் சோப்புக்கும் உலகம் நல்ல விலை தரும்போது அதை யார் எரிப்பார்கள்? ஆய்வு முடிவுகள் ஏட்டிலேயே தங்கின.

2000-க்குப் பிறகு பெட்ரோலிய விலை மறுபடி ஏறியது. 2006 மார்ச் மாதத்தில் தேசிய உயிர்எரிபொருள் கொள்கை அறிவிக்கப்பட்டது. அப்போது ஒரு குறுக்கு வழியும் முயலப்பட்டது. எஸ்டராக மாற்றாமல், சுத்திகரித்த செம்பனை எண்ணெயையே நூற்றுக்கு ஐந்து பங்கு டீசலில் கலக்கும் திட்டம் அது. என்வோ டீசல் என்று அதற்குப் பெயர். எஞ்சின் தயாரிப்பாளர்கள் தயங்கினார்கள். இந்தக் கலவைக்கு உத்தரவாதம் தர முடியாது என்றார்கள். மாற்றாத எண்ணெய் நெடுநாளில் என்ன செய்யும் என்பதை முன்பே பார்த்தோம் அல்லவா? திட்டம் கைவிடப்பட்டது. நீண்ட சோதனையில் தேறிய மெத்தில் எஸ்டரிடமே நாடு திரும்பி வந்தது. இதற்கிடையே 2008 மார்ச் மாதத்தில் செம்பனை எண்ணெய் விலை டன்னுக்கு 4,000 ரிங்கிட்டைத் தாண்டியது. உரிமம் பெற்ற ஆலைகள் பல வேலையின்றி நின்றன.

2009-இல் கோலாலம்பூர் மாநகர் மன்ற வாகனங்களிலும் இராணுவ வாகனங்களிலும் ஐந்து விழுக்காட்டுக் கலவை பயன்படுத்தப்பட்டது. 2011 ஜூன் மாதம் புத்ராஜெயாவில் தொடங்கி, அவ்வாண்டிலேயே கோலாலம்பூர், சிலாங்கூர் உள்ளிட்ட மத்தியப் பகுதி முழுவதும் எண்ணெய் நிலையங்களுக்கு அது வந்தது. 2014-இல் ஏழு விழுக்காடாகவும், 2019-இல் பத்து விழுக்காடாகவும் உயர்ந்தது. 2020-இல் லங்காவித் தீவில் இருபது விழுக்காடு தொடங்கியது.

ஆனால் இதற்குள் எஞ்சினும் மாறிவிட்டிருந்தது. 1980-களின் பேருந்து எஞ்சின் எளிமையானது. இன்றைய டர்போ டீசல் கார் மிக நுட்பமானது. அதன் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. வடிகட்டி நிரம்பியதும் அதைச் சூடாக்கிக் கரியை எரிக்க வேண்டும். அதற்காகச் சில எஞ்சின்கள் சற்றுத் தாமதமாக இன்னொரு தடவை எரிபொருளைத் தெளிக்கின்றன. டீசல் எளிதில் ஆவியாகிப் போய்விடும். எஸ்டர் அவ்வளவு எளிதில் ஆவியாகாது. எஞ்சின் சுவரில் படிந்து, வழிந்து, கீழே ஆயிலோடு கலந்துவிடும். ஆயில் நீர்த்துப்போனால் டர்போவின் அச்சுக்கும் மற்ற உறுப்புகளுக்கும் தேய்மானம் வரும். பத்து விழுக்காட்டுக் கலவை பேசப்பட்டபோது சில கார் நிறுவனங்கள் இந்த அச்சத்தைத்தான் எழுப்பின.

இந்த அச்சத்தை வெறும் வியாபாரத் தந்திரம் என்று தள்ளிவிட முடியாது. அதற்காகக் கலவையே கேடு என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. பழைய எஞ்சினுக்குக் கிடைத்த நற்சான்று புதிய எஞ்சினுக்குத் தானாகவே பொருந்தாது என்பதே இதிலுள்ள உண்மை. ஒவ்வொரு தலைமுறை எஞ்சினும் தனக்குரிய 300,000 கிலோமீட்டரை ஓடிக் காட்டித்தான் ஆக வேண்டும்.

இதே கேள்வி இன்று தமிழகத்திலும் கேட்கிறது. 2003-இல் தமிழ்நாடு உள்ளிட்ட ஒன்பது மாநிலங்களில் ஐந்து விழுக்காட்டு எத்தனால் கலந்த பெட்ரோலை இந்தியா அறிமுகப்படுத்தியது. 2022-இல் அது பத்து விழுக்காட்டை எட்டியது. 2025-இல் இருபதை எட்டியது. லிட்டருக்கு ஓடும் தூரம் குறைகிறதே, பழைய வண்டியின் குழாய்கள் என்னாகும் என்று வண்டிக்காரர்கள் கேட்டார்கள். எத்தனால் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலின் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கே தரும். ஆகவே தூரம் ஓரளவு குறைவது இயற்கை. குழாய்களும் வளையங்களும் எத்தனாலுக்கு ஏற்றவையாகத் தயாரிக்கப்பட்ட வண்டிக்குக் கவலை குறைவு. அப்படித் தயாரிக்கப்படாத பழைய வண்டியை வைத்திருப்பவர் கேட்பது நியாயமான கேள்வியே.

ஆகவே கலப்பெரிபொருள் பயன்படுத்துவோர் சிலவற்றை நினைவில் கொள்ளுதல் நலம். வண்டியின் கையேடு எத்தனை விழுக்காடு வரை இசைகிறது என்று பார்க்க வேண்டும். புதிய கலவைக்கு மாறியதும் வடிகட்டியை முன்கூட்டியே மாற்ற வேண்டும். ஆயிலைக் குறித்த தூரத்துக்கு மேல் ஓட விடக் கூடாது. அளவுக் குச்சியில் ஆயில் குறைவதற்குப் பதில் கூடியிருந்தால், எரிபொருள் அதில் கலக்கிறது என்று அறிய வேண்டும். நெடுநாள் நிறுத்தும் வண்டியின் தொட்டியில் நீர் சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வேகத்துக்காக எஞ்சினைத் திருத்தி அமைத்தவர்கள் இவற்றில் இரட்டிப்பு விழிப்போடிருக்க வேண்டும்.

இறுதியாக ஒன்று. எஞ்சினின் ஆயுளைப் பொறுமையோடு அளந்தவர்களைப் போற்றுகிறோம். போற்றத்தான் வேண்டும். அதே பொறுமையோடு அளக்க வேண்டியவை இன்னும் சில உண்டு. செம்பனைக்காகக் காடு அழிந்தால், மிச்சம் பிடித்த புகைக்கு என்ன பொருள் என்று உலகம் கேட்கிறது. பால்மரத்திலிருந்து செம்பனைக்கும், செம்பனையிலிருந்து வீடமைப்புப் பகுதிக்கும் நிலம் மாறியபோது, லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் எங்கே போயின என்று நாம் கேட்கலாம். கிள்ளானிலும் ஷா ஆலாமிலும் அவர்களுடைய பிள்ளைகள் இன்று லாரி ஓட்டுகிறார்கள். பட்டறையில் எஞ்சின் பிரிக்கிறார்கள். தாத்தா குலை வெட்டிய செம்பனையின் எண்ணெய், பேரன் நிரப்பும் டீசலில் கலந்திருக்கிறது. எந்த எரிபொருளும் முதல் நாள் ஓட்டத்தில் நன்றாகவே தோன்றும். அதன் நன்மையும் தீமையும் நெடுந்தூரம் ஓடிய பிறகுதான் தெரியும். மனிதர் செய்யும் மாற்றங்களுக்கும் இது பொருந்தும்.